மாப்பிள்ளைகளுக்குப் பேர் மாற்றிய மழைக்காலம்

மருந்துக் கடைக்காரர்கள் வாயில் அந்த வீட்டுக்குத் 'தாத்தா வீடு' என்று பெயர். அந்த வீட்டில் தாத்தா என்று ஒருவர் இருந்ததே இல்லை. இருந்தவர்கள் இரண்டு ஓரகத்திகள். மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் வீட்டில் சொல்வார்கள். இவர்களோடு, லேத் பட்டறைக்குப் போய்வரும் சின்னவளின் கணவன். அவ்வளவுதான் வீடு. பெரியவளின் மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு அவள் வந்தால் வீடு இரைச்சலாகும். போனால் மறுபடி அடங்கிவிடும்.

பெயர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பெரியவளின் கணவர் மருந்துக் கடைகளுக்கென்று ஒரு புரோகிராம் எழுதினார். எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எது தீரப்போகிறது, எதற்குத் தேதி முடிந்தது என்று கடைக்காரருக்குச் சொல்லும் புரோகிராம். மொத்த வியாபாரக் கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டே தானாகக் கற்றுக்கொண்ட மனிதர். புரோகிராமுக்காக எழுதுகிற வரிகளுக்குள், அதாவது நிரலுக்குள், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும் அல்லவா? அவர் எல்லாவற்றுக்கும் உறவுமுறையில் பெயர் வைத்தார். தேதி முடிந்த மருந்து 'தாத்தா'. தேதி முடியப்போகிற மருந்து 'மாமா'. வந்தால் சீக்கிரம் கிளப்பிவிட வேண்டுமாம். மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது 'சம்பந்தி'. மரியாதையாக அனுப்பாவிட்டால் வம்பாகுமாம். குளிர்ப்பெட்டியில் வைக்கிற மருந்து 'மாப்பிள்ளை'. கொஞ்சம் சூடேறினாலும் காரியம் கெட்டுப்போகும் என்பது அவர் சொன்ன விளக்கம்.

இந்தப் பெயர்களெல்லாம் நிரலுக்குள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது. ஆனால் ஒருநாள் ஒரு கடைக்காரர் தேதி முடிந்த இருமல் மருந்தைத் தெரியாமல் விற்கப்போக, திரையில் 'தாத்தாவை விற்க முடியாது' என்று வந்து நின்றது. உள்ளே இருக்க வேண்டிய சொல் கால் தவறி வெளியே விழுந்துவிட்டது. கடைக்காரர் போன் செய்தார்.

"அண்ணே, எங்க தாத்தா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்கா ஆச்சு. நான் யாரை விக்கப் பார்த்தேன்னு இது சொல்லுது?"

அந்தச் சிரிப்பு கடை கடையாகப் பரவியது. அவர் திரையைத் திருத்திவிட்டார். கடைக்காரர்கள் மட்டும் திருத்திக்கொள்ளவில்லை. "இந்த மாசம் தாத்தா நிறைய சேர்ந்துட்டாரு, எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்பதுதான் அதற்குப் பிறகு அவர்கள் பாஷை.

அவர் ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போய்விட்டார். பெரியவள் அவர் இருக்கும்போதே பாதி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். துக்கம் கேட்க வந்த கடைக்காரர்கள் போகும்போது தயங்கித் தயங்கி, "அக்கா, கணக்கு நிக்காம ஓடும்ல?" என்று கேட்டார்கள். ஓடும் என்று சொல்லிவிட்டாள். கடவுள் மேல் பாரத்தைப் போட்டுச் சொன்ன சொல். கடவுளும் கைவிடவில்லை. அடுத்த வருஷம் சின்னவளை மருமகளாக வீட்டுக்கு அனுப்பினார்.

சின்னவள் பெரிய கம்பெனி ஒன்றில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவள். கல்யாணப் புடவையின் மடிப்புக்கூடக் கலையாத நாட்களில் மாடியறைக்கு ஏறி வந்து, மைத்துனர் எழுதிவைத்ததைக் கன்னத்தில் கை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா, இதுல யாரு எதை எப்ப எதுக்காக மாத்தினாங்கன்னு ஒண்ணுமே தெரியலையே. நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றாள். "ஞாபகம் வெச்சுக்குவேன்" என்றாள் பெரியவள். இருவரும் சிரித்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த வீட்டின் வேலைமுறை.

ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி பார்த்துச் 'சரி' என்று சொன்னால் ஒழிய எதுவும் கடைகளுக்குப் போகாது. இரண்டு பேருக்கும் ஒரே சட்டம். மாற்றத்தை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவரக் கூடாது. சின்னச் சின்னதாகத்தான் வர வேண்டும். எவ்வளவு சின்னது? ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் பார்த்து முடிக்கிற அளவு. ஒவ்வொன்றின் கீழும் இதை ஏன் மாற்றினேன் என்று ஒரு வாசகம். பார்க்கிறவள் குறை கண்டால் அதையும் எழுதியே சொல்ல வேண்டும். முதுகோடு முதுகாக ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் எழுதித்தான் சொல்லிக்கொண்டார்கள். வாயால் சொன்னால் சண்டை மாதிரி இருக்கிறது, எழுதினால் வேலை மாதிரி இருக்கிறது என்று சின்னவள் காரணம் சொன்னாள்.

குறைகளிலும் இரண்டு ஜாதி. அது பெரியவள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது கண்டுபிடித்தது. 'கல்' என்று போட்டால் கட்டாயம் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பல் போகும். 'பொடி' என்று போட்டால் அரிசியோடு கிடக்கிற நொய் மாதிரி. பொறுக்கினால் நல்லது, விட்டாலும் பசியாறும்.

இப்போது நினைத்தாலும் பெரியவளுக்கு அந்த வருஷங்கள் ஒரே நீளமான பகலாகத்தான் ஞாபகம் வருகின்றன. கீழே பக்கத்துத் தச்சுப்பட்டறையில் ரம்பம் இழுக்கும் சத்தம். ஜன்னலில் மரத்தூள் வாசனை. சின்னவளுக்கு வரிகளுக்கு நடுவே காற்றோட்டம் வேண்டும். பெரியவளோ பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற மாதிரி நெருக்கி நெருக்கி எழுதுவாள். 'பொடி: இங்கே ஒரு வரி இடம் விடுங்க அக்கா, மூச்சு முட்டுது' என்று வரும். 'பொடி: நீ விட்ட இடத்தில் ஒரு கட்டில் போடலாம்' என்று போகும். அதன் அடியிலேயே, 'அடுப்பில் பருப்பு வெச்சிருக்கேன், யாரு இறங்கிப் பாக்கறது?' 'கல்: நான் நேத்து பார்த்தேன், இன்னிக்கு நீங்க.' ரொம்ப நாள் கழித்து அந்தக் குறிப்புகளைப் படிக்க நேர்ந்த யாருக்கும் பருப்புக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கியிருக்காது.

அத்தனை குறை சொல்லிக்கொண்டபோதும் சின்னவள் ஒன்றை மட்டும் தொட்டதில்லை. வந்த புதிதில் 'பொடி: இந்தத் தாத்தா, மாமா பெயர்களை மாற்றிவிடலாமே' என்று ஒரு குறிப்பு எழுதினாள். எழுதிவிட்டுத் திரும்பிப் பெரியவளின் முகத்தைப் பார்த்தாள். மறு நிமிஷமே அந்தக் குறிப்பை அழித்துவிட்டாள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. வேலையில் பெரிய உபகாரங்களை நாம் எண்ணி வைத்துக்கொள்கிறோம். இந்த மாதிரி அழித்துவிட்ட ஒரு வரியை யார் எண்ணுகிறார்கள்? பெரியவள் எண்ணிவைத்திருந்தாள்.

அதனால்தான் அந்த மழைக்காலத்தில் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட வாரம் அது. மாடியறைத் தகரக் கூரை பேசவிடாமல் கொட்டு அடித்தது. ஒழுகுகிற மூலையில் ஒரு வாளி. சின்னவள் அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருப்பாள். கேட்டால் ஜலதோஷம் என்பாள். பெரியவள் இஞ்சி தட்டிப்போட்டு டீ கொடுத்தாள். அது டீ குடித்தால் போகிற ஜலதோஷமாக இல்லை.

ஒருநாள் பெரியவள் கடைத்தெருவில் ஒரு கடைக்குப் போய்ச் சிக்கலைச் சரிசெய்துவிட்டு, நனைந்த குடையை வாசலில் விரித்துவைத்துவிட்டு மேலே வந்தாள். சின்னவள் கீழே சமைத்துக்கொண்டிருந்தாள். திரையில் பார்வைக்காக ஒரு மாற்றம் காத்திருந்தது. பெரியவள் திறந்தாள். இறக்கினாள். இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு டம்ளர் டீ என்ன, ஒரு அண்டா டீ ஆறிப்போகும். நிரலின் ஒவ்வொரு மூலையையும் சின்னவள் ஒரேயடியாகப் புரட்டிப்போட்டிருந்தாள். கீழே காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே சொல்: 'ஒழுங்குபடுத்தல்.'

அதற்குள் 'தாத்தா' இல்லை. தேடினாள். 'மாமா' இல்லை. 'சம்பந்தி' இல்லை. அவர் வைத்த பெயர் ஒன்றுகூட இல்லை. எந்த ஊர் ஆள் வந்து படித்தாலும் புரிகிற, யாருடையதும் இல்லாத பெயர்கள் வரிசையாக நின்றன.

பெரியவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவருடைய சட்டைகளைக் கொடுத்தாயிற்று. செருப்பைக் கொடுத்தாயிற்று. மூக்குக்கண்ணாடியை யாரோ கேட்டு வாங்கிப்போனார்கள். அவர் வாயிலிருந்து வந்த சொல் என்று மிச்சம் இருந்தது இந்த நிரலுக்குள்தான். வேலை செய்கிறபோது 'மாமா' என்று வாசித்தால் அவர் குரலிலேயே கேட்கும். அது அவளுடைய தினசரிப் பிரார்த்தனை மாதிரி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாதது.

கல் என்றும் போடாமல், பொடி என்றும் போடாமல் ஒரு வரி எழுதினாள்: 'இதைப் பார்க்க முடியாது. பிரித்துக் கொண்டுவரவும்.' இத்தனை வருஷத்தில் சின்னவளுக்கு 'வரவும்' போட்டு எழுதியது அதுதான் முதல்முறை.

சாப்பாட்டு நேரத்தில் வீடு உம்மென்றிருந்தது. கொழுந்தன் பட்டறையிலிருந்து பசியோடு வந்தவன், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எங்கள் லேத்தில்கூட இவ்வளவு சூடு பார்த்ததில்லை என்று சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. முட்டையை இரண்டு வாயில் விழுங்கிவிட்டு, கை கழுவும் சாக்கில் பின்பக்கம் போய்விட்டான்.

"உனக்கு அவர் வெச்ச பேரு இத்தனை வருஷமா இடிக்கலையே" என்றாள் பெரியவள், தட்டைப் பார்த்துக்கொண்டே. "இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

"இடிக்கலை அக்கா. புதுசா யாராவது வந்து பார்த்தா புரியணும்ல."

"யாரு வரப்போறா?"

சின்னவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிசைந்ததை வாயில் வைக்கவில்லை.

"நாளைக்குப் பிரிச்சு வைக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடியே மறுநாளிலிருந்து துண்டு துண்டாக வர ஆரம்பித்தது. முதல் துண்டில் வெறும் இடைவெளிகள். பெரியவளின் நெருக்கமான வரிகளைத் தளர்த்திவிட்டிருந்தாள், வேறொன்றும் மாறவில்லை. பெரியவள் பொடி ஒன்றும் சொல்லாமல் சரி என்றாள். அப்படிச் சொன்னபோது அவளுக்கே அது வேற்று மனுஷி போட்ட சரி மாதிரி இருந்தது. அடுத்த துண்டில் 'மாமா' மட்டும் பெயர் மாறியிருந்தார். அடுத்ததில் 'சம்பந்தி'. அதற்கடுத்ததில் குளிர்ப்பெட்டி மருந்துகள்.

அந்தத் துண்டில் பெரியவளின் கண் ஓரிடத்தில் தட்டி நின்றது. நிரலில் 'மாப்பிள்ளை' என்று ஒன்றும், 'புது மாப்பிள்ளை' என்று ஒன்றும் இருந்தன. சின்னவள் இரண்டையும் 'குளிர்ப்பெட்டி' என்று ஒன்றாக்கிவிட்டிருந்தாள். இரண்டுக்கும் ஏதோ வித்தியாசம் உண்டென்று அவர் எப்போதோ சொன்ன மாதிரி இருக்கிறதே என்று பெரியவள் யோசித்தாள். அவளுக்கும் சட்டென்று பிடிபடவில்லை. பழைய வரிகளை மேலும் கீழும் படித்த பிறகுதான் விளங்கியது. மாப்பிள்ளை என்பது சாதாரணமாகக் குளிர்ந்தால் போதும். புது மாப்பிள்ளை பனிக்கட்டியாக உறைகிற பெட்டியில் இருக்க வேண்டும். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்தால் ஊசி மருந்து பலனில்லாமல் போய்விடும். பலனில்லாத ஊசியை ஒரு குழந்தைக்குப் போட்டுவிட்டு நல்லதே நடக்கும் என்று ஒரு தாய் வீட்டுக்குப் போவாள். முதலில் வந்த மூட்டையில் இது எங்கோ நடுவில் கிடந்திருக்கும். இரண்டு பேர் கண்ணும் இதைத் தாண்டிப் போயிருக்கும்.

"புது மாப்பிள்ளையும் பழைய மாப்பிள்ளையும் உனக்கு ஒண்ணா?" என்று வாய்விட்டே கேட்டாள். எழுதும் விதியை மறந்துவிட்டாள்.

சின்னவள் எழுந்து வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "கல்லுதான் அக்கா. பெரிய கல்லு. நான் பார்க்கவே இல்லை."

"மூட்டையில நானும் பார்த்திருக்க மாட்டேன். துண்டா வந்ததால கண்ணுல பட்டுது."

"மச்சான் ரெண்டுக்கும் வேற வேற பேரு வெச்சதுக்குக் காரணம் இருந்திருக்கு."

"அவருக்குக் கல்யாணத்தன்னிக்கு எங்கப்பா வீட்டுல நடந்த உபசாரம் மறுவருஷம் நடக்கலை. அந்தக் கடுப்புல வெச்ச பேரு" என்றாள் பெரியவள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. மனிதர்கள் ஒருவரையொருவர் மன்னிப்பதும் இப்படித்தான், துண்டு துண்டாக. கடவுள் நம்மைத் திருத்துவதும் மூட்டையாக இல்லை. தாங்குகிற அளவுக்குத்தான் ஒவ்வொன்றாக வைக்கிறார்.

சிரித்துவிட்டதால் மீதித் துண்டுகளைப் பெரியவள் வேறு கண்ணோடு பார்த்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு துண்டின் அடியிலும் சின்னவள் எழுதியிருந்த காரணங்கள் வழக்கத்தைவிட நீளமாக இருந்தன. 'மாதக் கடைசியில் இது மெதுவாக ஓடும், பயப்பட வேண்டாம், தானே சரியாகும்.' 'இந்த இடத்தைத் தொடுவதற்கு முன் ஆற்றங்கரைக் கடைக்காரருக்குப் போன் செய்து சொல்லவும். அவர் கம்ப்யூட்டர் பழசு.' 'இது நின்றுவிட்டால் செய்ய வேண்டியது கீழே.' அவள் தலைக்குள் மட்டும் இருந்ததெல்லாம் இறக்கிவைக்கப்பட்டிருந்தது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் பாத்திரத்தின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுவார்களே, அப்படி.

கடைசித் துண்டு ஒரே ஒரு வரி. கடைகளில் புரோகிராம் நின்றுபோனால் திரையில் ஒரு போன் நம்பர் காட்டும், இவரைக் கூப்பிடுங்கள் என்று. அது சின்னவளின் நம்பர். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெரியவளின் நம்பரைப் போட்டிருந்தாள்.

பெரியவள் மெள்ளத் திரும்பினாள். சின்னவளின் நாற்காலி காலியாக இருந்தது. மழை விட்டிருந்ததால் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். பெரியவளும் போனாள். ஈரப் போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். தண்ணீர் காலடியில் வழிந்தது.

"எங்க போற?" என்று கேட்டாள் பெரியவள்.

சின்னவள் போர்வையை விடவில்லை. அதைப் பிடித்தபடியே சொன்னாள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். இடுப்பெலும்பு. பக்கத்து வீட்டுக்காரி சோறு கொண்டுவந்து வைக்கிறாள். எத்தனை நாளைக்கு வைப்பாள்? கண் ஏற்கெனவே பாதிக்குமேல் போய்விட்டது. பெற்றது ஒரே பெண். அவர் லேத்காரர், எந்த ஊரிலும் ஒரு லேத் இருக்கும், வருகிறேன் என்கிறார். வேலையைச் சொல்லாமல் விட்டுப்போகவும் மனசில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. எல்லாவற்றையும் யாருக்கும் புரிகிற மாதிரி ஆக்கிவிட்டால் அக்காவுக்குக் கஷ்டம் இருக்காது என்று நினைத்தாளாம்.

"இங்க கூட்டிட்டு வந்துடலாமே. கீழ் ரூம் சும்மாதானே கிடக்குது."

"கேட்டேன் அக்கா. வர மாட்டேங்கறாங்க. அவங்க கண்ணால நடக்கறதில்லை. சுவரைத் தடவித்தான் நடக்கறாங்க. அந்த வீட்டுச் சுவரு அவங்களுக்குத் தெரியும். இன்னொரு வீட்டுல போய் எதைத் தடவுவேன்னு அழறாங்க."

பெரியவள் போர்வையைக் கொடியில் போட்டாள். ஒரு சொல் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. 'நீ இல்லாம இது நடக்காதுடி' என்று மட்டும் சொன்னால் சின்னவள் நின்றுவிடுவாள். அவள் சுபாவம் அது. அம்மாவுக்கு மாதாமாதம் ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டு, இங்கேயே இருப்பாள். அந்தச் சொல் பொய்யும் இல்லை. இரண்டு நாற்காலியில் ஒன்று காலியாகக் கிடக்கிற அறையில் எப்படி உட்காருவது என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. முன்பு ஒருமுறை அப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

கிளிப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் கண்ணை மூடி நின்றாள். என்ன வேண்டினாளோ, கேட்டதற்குப் பதில் வந்த மாதிரி கண்ணைத் திறந்தாள்.

"எப்ப கிளம்பணும்?"

சின்னவள் அழுதுவிட்டாள். "அந்தப் பேரையெல்லாம் திரும்பப் பழையபடி போட்டுடறேன் அக்கா. நான் பண்ணினது தப்பு. அதை வேணாம்னே விட்டிருக்கணும்."

"ஒண்ணும் போட வேணாம். கடைக்காரங்க வாயில இருக்கற தாத்தாவை நீ எந்த வரியிலேர்ந்து எடுக்க முடியும்? புதுசா வர்ற பிள்ளைக்குப் புரியட்டும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா கடைசியா வெச்சியே ஒண்ணு, அதுக்குச் சரி சொல்ல மாட்டேன்."

சின்னவள் திகைத்துப் பார்த்தாள்.

"என் நம்பரை மேல போடு. உன் நம்பரை அழிக்காத. அதுக்குக் கீழ போடு. அங்க நெட் வருமா?"

"வரும். மழை பெஞ்சா போயிடும்."

"இங்க மட்டும் என்ன வாழுது? நான் பார்வைக்கு வைக்கறதை மழை விட்டதும் பாரு."

அவர்கள் கிளம்பிய நாளில் மழை இல்லை. கொழுந்தன் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒழுகுகிற மூலைக்குத் தார் அடித்துவிட்டேன், வாளியை எடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னான். அதைச் சொல்ல அவனுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

பிறகு மாடியறை ரொம்பப் பெரிதாகிவிட்டது. ரம்பச் சத்தம் நின்றால் அவள் காதுக்கு அவள் மூச்சே கேட்டது. சின்னவள் போன புதிதில் இரண்டொரு தரம் போனில் பேசினாள். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பது, மருத்துவமனைக்கு அலைவது என்று பேச்சு பாதியில் நின்றுவிடும். பெரியவள் அவளை வேலை சொல்லித் தொந்தரவு செய்யவில்லை. சின்னச் சின்ன மாற்றங்களை எழுதிப் பார்வைக்கு வைப்பாள். அவை அப்படியே கிடக்கும். சட்டப்படி, கிடக்கிறவரை கடைக்குப் போகக் கூடாது. அவசரம் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சமைத்ததை மூடிவைத்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

அப்படித்தான் ஒருநாள் காலையில் ஒரு மாற்றம் வைத்தாள். மருந்துப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிற எண்ணைக் கடைக்காரர் மாற்றி அடித்துவிட்டால் புரோகிராம் அதை வாங்கக் கூடாது. அதற்குத் திரையில் ஒரு வாசகம் வர வேண்டும். அலுப்பில் கைக்கு வந்ததை எழுதினாள்: 'தவறான பதிவு. நிராகரிக்கப்பட்டது.' வைத்துவிட்டுக் கீழே போய் அரிசி போட்டாள். திரும்பி வந்தபோது அதன் அடியில் குறிப்பு வந்திருந்தது.

'கல்: அக்கா, நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துதான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் பொழுது போகவில்லை, என்ன படிக்கிறாய், வாய்விட்டுப் படி என்றார்கள். படித்தேன். அந்தக் கடைக்காரப் பிள்ளை அப்படி என்ன பெரிய தப்புப் பண்ணிவிட்டான், இந்தத் திட்டுத் திட்டுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.'

பெரியவள் தனியறையில் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, தான் எழுதியதைத் தானே வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். கண் தெரியாத ஒருத்தி கட்டிலில் மல்லாந்து கிடந்து அதைக் கேட்பதை நினைத்துப் பார்த்தாள். இடுப்பு உடைந்து, இன்னொருவர் கையால் சாப்பிடுகிற நிலையிலும், முகம் தெரியாத கடைக்காரனுக்காகப் பரிந்து பேசத் தோன்றியிருக்கிறதே என்று அவளுக்கு மனம் இளகியது. கூட்டம் நெருக்குகிற நேரத்தில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, எண்ணைத் தப்பாக அடித்துவிட்டு நிற்கிற அந்த மனிதரை அவளுக்கும் தெரியும். எல்லாக் கடையிலும் பார்த்திருக்கிறாள்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: 'இந்த எண்ணில் மருந்து எதுவும் இல்லை. பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள். அவசரம் இல்லை.'

அனுப்பிவிட்டு டீ டம்ளரைக் கையில் எடுத்தாள். பாதி குடிப்பதற்குள் பதில் வந்தது.

'சரி. அம்மாவும் சரி என்றுவிட்டார்கள். கடைசியில் போட்டீர்களே, "அவசரம் இல்லை", அதை இரண்டாம் தரம் படிக்கச் சொன்னார்கள். அடுத்தது எப்போது வரும் என்று கேட்கிறார்கள்.'

அன்றைக்கு வேறு வேலை எதுவும் பாக்கி இல்லை. பெரியவள் டம்ளரை ஓரமாக வைத்தாள். நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டிலுக்கு அனுப்பிவைக்கிற மாதிரி சின்னதாக எங்கேயாவது ஏதாவது திருத்த இருக்கிறதா என்று, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தாள்.